ஜேசிபி பக்கெட் ஆட்டம்: பின், புஷ், துளை மூன்றையும் சரிசெய்வது எப்படி?

பக்கெட் ஆடுகிறது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் நிறைய வண்டி ஏற்கனவே ஒருமுறை பின்னும் (பக்கெட்டை வண்டியோடு கோர்க்கும் தடித்த இரும்பு உருளை) புஷ்ஷும் (அந்தப் பின் சுழலும் குழாய் போன்ற உறை) மாற்றியவைதான். "ஆறு மாசம் முன்னாடிதாண்ணே புதுசு போட்டேன்" என்பார் ஓனர். அவர் பொய் சொல்லவில்லை. புதிதாகத்தான் போட்டிருப்பார். ஆனால் அந்த புஷ் உட்காரும் துளையை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதில் வட்டமான புஷ்ஷை வைத்தால் நிற்காது. உடனே குளிர்பான டின்னை வெட்டி, தகட்டை புஷ்ஷைச் சுற்றி வைத்து, சம்மட்டியால் அடித்து இறக்கி, விளிம்பில் இரண்டு இடத்தில் டேக் வெல்டிங் (பொட்டு வெல்டிங்) வைத்துவிடுவார்கள். வண்டி கிளம்பும்போது ஆட்டம் இருக்காது. சுக்கான் பாறையில் பத்து நாள் தோண்டினால் தகடு கசங்கிப் பொடியாகும், டேக் விட்டுப்போகும், புஷ் துளைக்குள் சுற்ற ஆரம்பிக்கும். புஷ் சுற்றினால் கிரீஸ் ஓட்டை மறைந்துவிடும். அப்புறம் காய்ந்த இரும்போடு இரும்பு உரச வேண்டியதுதான்.

நம் ஊரில் எந்தக் கம்பெனி பேக்ஹோவாக இருந்தாலும் அது ஜேசிபிதான். அந்த வண்டியின் பின்பக்கக் கையில் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் உள்ள இரும்புக் கை) பக்கெட் மாட்டும் இடத்தை வைத்தே இதை எழுதுகிறேன். பூம், கிங் போஸ்ட், முன் லோடர் எல்லாவற்றுக்கும் அளவுதான் மாறும், முறை ஒன்றே.

முதலில் கடப்பாரை

எதையும் கழற்றுவதற்கு முன் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, பூமுக்கும் கைக்கும் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து எஞ்சினை நிறுத்துங்கள். பக்கெட் காதுக்கும் (பின் நுழையும் துளையுள்ள பக்கெட்டின் பிளேட்) கைக்கும் நடுவில் கடப்பாரையைக் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். உதவியாள் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று பின்னின் முனையைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எது எதற்குள் அசைகிறது?

பின் காதோடு சேர்ந்தே அசைந்து, கைக்குள் இருக்கும் புஷ்ஷில் ஆடினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. காது அசையும்போது பின் சும்மா நின்றால் தேய்ந்தது பக்கெட் காதின் துளை. புஷ்ஷே கைக்குள் அசைந்தால் கைத்துளை போயிற்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. நெம்பிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் மானி) இருந்தால் காந்த ஸ்டாண்டை வண்டியின் கையில் ஒட்டி, ஊசியைக் காதில் வைத்து நெம்புங்கள். புது பின்னும் புஷ்ஷும் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை ஆடுவது சகஜம், அந்த இடைவெளியில்தான் கிரீஸ் நிற்கிறது. 1 மி.மீ. தொட்டுவிட்டால் மாற்றும் நாள் வந்துவிட்டது. ஒன்றரையைத் தாண்டி ஓட்டினால் தேய்மானம் புஷ்ஷோடு நிற்காமல் துளையையும் சாப்பிட ஆரம்பிக்கும். பக்கவாட்டு ஆட்டத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதை ஷிம் (மெல்லிய இரும்பு வாஷர்) வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

பின்னைக் கழற்றுவது

சமதளத்தில் நிறுத்தி, ஸ்டெபிலைசர் கால்களை இறக்கி, பக்கெட்டைத் தரையில் படுக்க வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு லீவர்களை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று முறை ஆட்டினால் ஹோஸில் நிற்கும் பிரஷர் இறங்கும். பக்கெட் சிலிண்டரையும் லிங்கையும் (சிலிண்டரையும் பக்கெட்டையும் இணைக்கும் இரும்புத் துண்டு) செயின் பிளாக்கில் தொங்கவிடுங்கள். பின் வெளியே வந்ததும் லிங்க் சடாரென்று விழும், அது விழும் இடத்தில் யார் காலாவது இருக்கும்.

லாக் போல்ட்டை (பின் சுற்றாமல் பிடித்து நிறுத்தும் போல்ட்) எடுத்ததும் சம்மட்டியைத் தூக்காதீர்கள். பின் ஹார்டனிங் செய்த (மேல்தோலைக் கெட்டியாக்கிய) இரும்பு, சம்மட்டி முகமும் ஹார்டனிங் செய்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் சில்லு தெறிக்கும், அது தோட்டா வேகத்தில் வரும். நடுவில் பித்தளை உருளையோ மெதுவான எம்.எஸ். (சாதா இரும்பு) ராடோ வைத்து அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. வரவில்லையென்றால் பின்னைச் சூடாக்காமல் சுற்றியிருக்கும் வளையத்தைச் சூடாக்குங்கள். அதற்கு முன் கிரீஸ் நிப்பிளைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே அடைபட்ட கிரீஸ் சூட்டில் பொங்கித் தீயோடு பீய்ச்சும்.

இன்னொன்று. திரும்ப மாட்டும்போது துளைகள் நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. பக்கெட் அரை அங்குலம் நகர்ந்தால் விரல் துளையிலேயே தங்கிவிடும். டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள், அல்லது கூம்பு முனை ராடை விடுங்கள்.

பழைய பின்னைத் தூக்கி எறியாதீர்கள்

கழற்றிய பின்னை டீசலில் கழுவி வெயிலில் வைத்துப் பாருங்கள். வண்டி எப்படி ஓடியது என்பது அதில் எழுதியிருக்கும். ஆபரேட்டர் சொல்லாததையும் அது சொல்லும்.

ஒரே பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கம் புதிது போல இருந்தால் சுமை தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகவில்லை. பக்கெட் எடை பின்மேல் இருக்கும்போது கிரீஸ் அடித்தால் இடைவெளி உள்ள பக்கம் மட்டுமே நிறையும், நெருக்கமான பக்கம் காய்ந்தே கிடக்கும். சுற்றுவட்டமாக வரிவரியாகக் கீறல் இருந்தால் மண் உள்ளே புகுந்திருக்கிறது, டஸ்ட் சீல் (மண் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கிழிந்திருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸே இல்லாமல் சூடேறி ஓடியிருக்கிறது. பின்னின் இரண்டு முனைகள், அதாவது பக்கெட் காதில் உட்காரும் இடங்கள் தேய்ந்திருந்தால், லாக் போல்ட் உடைந்து பின் காதுக்குள் சுற்றியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். பின் காதில் அசையாமல் நின்று, கைக்குள் இருக்கும் புஷ்ஷில் மட்டுமே சுழல வேண்டும் என்பதுதான் அமைப்பு. தேய்வதற்கென்றே புஷ் இருக்கிறது. பெரும்பாலான பக்கெட் காதில் புஷ் கிடையாது, வெறும் பிளேட். லாக் போல்ட் உடைந்ததும் வேறு போல்ட் தேட அலுப்புப்பட்டு ஒரு வெல்டிங் ராடை வளைத்துச் செருகி ஓட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. சில்லறைக் காசு போல்ட்டுக்காகக் காது இரண்டையும் வெட்டிப் புது வளையம் வைக்க வேண்டியதாயிற்று.

துளையை அளப்பது

பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். போர் டயல் கேஜால் (துளையின் உள்விட்டம் அளக்கும் மானி) முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் நான்கு திசையில் அளக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு அளவு. நோட்டில் எழுதுங்கள், மனதில் நிற்காது. வெர்னியரால் வாயில் மட்டும் அளந்துவிட்டு "சரியா இருக்குண்ணே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. தேய்மானம் உள்ளேதான் இருக்கும்.

புஷ் தானாக நிற்க வேண்டுமென்றால் துளை, புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 60 மி.மீ. வெளிவிட்டமுள்ள புஷ்ஷுக்கு 0.05 முதல் 0.07 மி.மீ. வரை. தலைமுடித் தடிமன்தான், ஆனால் புஷ்ஷைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பிடிப்பு மட்டுமே. பன்னிரண்டு அளவும் அதற்குள் இருந்தால் அதிர்ஷ்டம், புது புஷ்ஷை இறக்கிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் இரண்டு வழி.

ஒன்று, துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய வெளிவிட்டத்தில் புஷ் செய்துகொள்வது. வேகமான வழி, வெல்டிங் சூடு கிடையாது. ஆனால் அன்றிலிருந்து அந்த வண்டிக்குக் கடைப் பொருள் சேராது, ஒவ்வொரு முறையும் லேத்துக்கு ஓட வேண்டும். வளையத்தின் சுவரும் மெலிந்துபோகும். இரண்டாவது, துளையை வெல்டிங்கால் நிரப்பி, லைன் போரிங் செய்து (எல்லாத் துளையையும் ஒரே நேர்கோட்டில் கடைந்து) பழைய அளவுக்கே கொண்டுவருவது. நாள் கூடும், செலவு கூடும். வண்டியை விற்கப் போகிறவர் முதல் வழியில் போகட்டும். இன்னும் ஐந்து வருடம் ஓட்டப் போகிறேன் என்றால் இரண்டாவதுதான் சரி.

வெல்டிங்: அவசரம் கூடாத இடம்

முதலில் பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றுங்கள். 2021 ஏப்ரலில் பிஎஸ் 4 என்ற புகை விதி வந்த பிறகு இந்த வண்டிகளில் எஞ்சினைக் கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. அந்தக் கம்ப்யூட்டரின் (ஈசியு) சாக்கெட்டையும் பிரித்துவிடுவது உத்தமம். முடிந்தால் கையைக் கழற்றித் தரையில் வைத்தே வேலை செய்யுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் மாட்ட வேண்டும். சேசிஸில் மாட்டிவிட்டுக் கைமுனையில் வெல்டிங் செய்தால் கரண்ட் நடுவில் உள்ள பின், சிலிண்டர் ராடு எல்லாவற்றையும் தாண்டித்தான் போகும். போகிற வழியில் குரோம் பூச்சில் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடும். ஒரு மாதம் கழித்து சிலிண்டர் ஒழுகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

வெல்டிங் ராடு 7018 வகையாக இருக்கட்டும். கேட் கிரில் அடிக்கும் 6013 இங்கே ஆகாது. 7018-இல் ஈரம் ஏறினால் அதன் குணமே போய்விடும், வெல்டிங்குக்குள் ஹைட்ரஜன் புகுந்து மறுநாள் விரிசல் விடும். பாக்கெட் பிரித்துக் கிடந்த ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது ராடு சுடும் அடுப்பில் (ஓவன்) சுட்டு, சூட்டோடு எடுத்து உபயோகியுங்கள். ராடைச் சிமெண்ட் தரையில் வைத்து எடுக்கிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

துளைக்குள் கிரீஸ் துளியும் இருக்கக்கூடாது. கிரைண்டரால் பளபளப்பாக்கி, வளையம் முழுவதையும் 120 டிகிரி சுமாருக்குச் சீராகச் சூடாக்குங்கள். கனமான வளையத்தில் குளிரக் குளிர வெல்டிங் வைத்தால் அந்த இரும்பு வெல்டிங் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாகிவிடும். ஒரு வரி மேலே, அடுத்தது எதிரே கீழே என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே பக்கமாக நிரப்பினால் வளையம் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியிலும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, அப்புறம் அடுத்தது. கடைசி அளவைவிட எல்லாப் பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிரப்புங்கள், அப்போதுதான் கடையும்போது பள்ளம் கிளம்பாது. முடிந்ததும் உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ மணலிலோ மூடித் தானாக ஆறவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஆறவைத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை வளையத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

லைன் போரிங்

இன்று எடுத்துச்செல்லும் லைன் போரிங் மெஷின்கள் வந்துவிட்டதால் கையை பெரிய லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நீண்ட பார் ஒன்று இரண்டு துளைகளின் நடுவே நேராக நின்று சுற்றும், அதில் பொருத்திய டூல் கடையும். இரண்டு துளையையும் ஒரே செட்டிங்கில் கடைவதுதான் இதன் சாரம். தனித்தனியாகக் கடைந்தால் இரண்டின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில் வராது, பின் சாய்ந்து உட்காரும், புஷ்ஷின் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

பாரை எதை வைத்து நடுவில் நிறுத்துவது? வெல்டிங் ஆபரேட்டர்கள் தடுமாறும் இடம் இதுதான். தேய்ந்த துளையின் நடுவை வைத்து நிறுத்தினால், தேய்மானம் எந்தப் பக்கம் போயிருக்கிறதோ அந்தப் பக்கமே நடுப்புள்ளியும் நகர்ந்திருக்கும். அப்படிக் கடைந்தால் துளை அழகாக வட்டமாக இருக்கும், ஆனால் தப்பான இடத்தில் இருக்கும். லிங்க்குக்கும் கைக்கும் உள்ள தூரம் மாறி, பக்கெட் முழுதாகச் சுருளாது. அதனால் வெல்டிங் வைப்பதற்கு முன்பே, தேயாமல் மிஞ்சிய பகுதியை வைத்துப் பாரை நிறுத்திவிட வேண்டும். டஸ்ட் சீல் உட்காரும் ஓரத்தில் கொஞ்சம் தேயாத இடம் எப்போதும் இருக்கும். தாங்கிகளை வெல்டிங் செய்து நிலையாக்கிவிட்டு, பாரை உருவி, துளையை நிரப்பி, ஆறியபின் பாரைத் திரும்ப அதே இடத்தில் விடுங்கள்.

முதல் சுற்றுகளில் பெரிய வெட்டு. கடைசி அரை மி.மீ. வந்ததும் நிறுத்தி, இரும்பு முழுக்கக் குளிரும் வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த அளவு குளிர்ந்தபின் சிறியதாகிவிடும். அப்புறம் 0.1, 0.1 ஆகக் கடைந்து முடிக்கலாம்.

புஷ்ஷைச் சம்மட்டி இல்லாமல் இறக்குவது

பட்டறை ஹைட்ராலிக் பிரஸ் கைமுனைக்குள் நுழையாது. சம்மட்டியால் அடித்தால் புஷ் வாய் பிதுங்கும். நான் செய்வது மிக எளிது. புஷ்ஷை முதல் நாள் இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

கணக்குப் பாருங்கள். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும் அல்லது சுருங்கும். 60 மி.மீ. புஷ் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குப் போனால் ஏறக்குறைய 0.035 மி.மீ. சுருங்கும். வளையத்தை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை 0.05 மி.மீ. விரியும். இரண்டும் சேர்த்து 0.085. பிடிப்பு அளவு 0.07 என்றால் இன்னும் 0.015 மிச்சம். புஷ் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். ஐந்தாறு விநாடிதான் கிடைக்கும், நடுவழியில் நின்றால் அப்படியே கவ்விவிடும். ட்ரை ஐஸ் கிடைத்தால் மைனஸ் 78 வரை போகலாம், புஷ்ஷே 0.075-க்கு மேல் சுருங்கும், அவசரம் குறையும். கையுறை கட்டாயம், மூடிய அறையில் ட்ரை ஐஸ் வேண்டாம்.

இறக்குவதற்கு முன் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள்: புஷ்ஷின் கிரீஸ் ஓட்டைக்கு நேரே வாயில் ஒன்று, நிப்பிள் ஓட்டைக்கு நேரே வளையத்தில் ஒன்று. ஒருமுறை என் பையன் ஒருவன் அவசரத்தில் கால் வட்டம் திருப்பி இறக்கிவிட்டான். "கிரீஸ் கன் அமுங்கலண்ணே" என்று சாயந்தரம் வந்து நின்றான். புது புஷ்ஷை வெட்டித்தான் எடுத்தோம். வெளிப்பக்கம் சுற்று வரி வெட்டிய புஷ்ஷாக இருந்தால் இந்தக் கவலை கிடையாது.

உட்கார்ந்து குளிர்ந்தபின் உள்விட்டத்தை மறுபடியும் அளக்க வேண்டும். வெளியே நெருக்கினால் உள்ளேயும் சுருங்கும், 0.07 பிடிப்பில் இறக்கினால் உள்விட்டம் 0.05 சுமாருக்குக் குறைந்திருக்கும். பின் இடைவெளியை அதற்குப் பிறகுதான் கணக்கிட வேண்டும்.

பின் வாங்கும்போது அரத்தோடு போங்கள். நல்ல பின்னில் அரம் வழுக்கும். கடித்து இரும்புப் பொடி உதிர்ந்தால் அது ஹார்டனிங் செய்யாத வெறும் பிரைட் ராடு, மழைக்காலம் தாண்டாது. லேத்தில் செய்வதானால் இஎன் 8 அல்லது இஎன் 19 கம்பியில் கடைந்து, இண்டக்ஷன் ஹார்டனிங், கடைசியில் கிரைண்டிங். மேல்தோல் மட்டும் கெட்டியாக வேண்டும், நடு இரும்பு மெதுவாக இருந்தால்தான் அடி தாங்கும்.

மாட்டும்போது டஸ்ட் சீலின் உதடு வெளியே பார்க்க வேண்டும். பழைய கிரீஸ் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும், வெளி மண் உள்ளே வராது. பக்க இடைவெளியை இரண்டு பக்கமும் ஷிம் வைத்துப் பிரித்துக் கொடுங்கள், ஒரே பக்கம் அடுக்கினால் பக்கெட் கோணலாக நிற்கும். லாக் போல்ட் புதியது.

பல்லும் விளிம்பும்

வண்டி பட்டறையில் இருக்கும்போதே பக்கெட் பல்லையும் பார்த்துவிடுங்கள். பல் கீழ்ப்பக்கம்தான் அதிகம் தேயும், பாதி தேயும்போதே கழற்றித் திருப்பி மாட்டினால் இன்னொரு ஆயுள். அடாப்டர் (பல் மாட்டும் அடிப்பகுதி) தெரியும் வரை ஓட்டினால் பிறகு அடாப்டரையும் மாற்ற வேண்டியதுதான்.

விளிம்பு தேயாமல் இருக்க மேலே வைக்கும் கெட்டி வெல்டிங்தான் ஹார்டு ஃபேசிங். அதன் வரி எந்தத் திசையில் என்பது மண்ணைப் பொறுத்தது. பாறை, ஜல்லி என்றால் பொருள் வழுக்கிப் போகும் திசையிலேயே வரி. மணல், சவுடு என்றால் குறுக்கே, வரிகளுக்கு நடுவில் மண் தங்கி அதுவே கவசமாகும். இரண்டும் கலந்த இடமென்றால் கட்டம் கட்டமாக. குரோமியம் கார்பைடு ராடு ஆறும்போது வரிக்குக் குறுக்கே நுண்விரிசல் விடும், அது குறையல்ல, பயப்பட வேண்டாம். இரண்டு அடுக்குக்கு மேல் ஏற்றினால்தான் பாளம் பாளமாக உரியும்.

முதல் 50 மணி நேரம்

பக்கெட்டைத் தரையில் வைத்து, பின்மேல் சுமை இல்லாத நிலையில் கிரீஸ் அடியுங்கள், இரண்டு ஓரத்திலும் புதுக் கிரீஸ் வளையம் தெரியும் வரை. பிறகு பக்கெட்டை ஒருமுறை முழுக்கச் சுருட்டி விரித்து மறுபடி அடியுங்கள். முதல் வாரம் காலையும் மாலையும், அப்புறம் தினம் ஒருமுறை. மாலையில், பின் சூடாக இருக்கும்போதே அடிப்பது எனக்குப் பிடித்த வழக்கம். பகலில் புகுந்த மண்ணும் ஈரமும் ராத்திரி முழுக்க உள்ளே உட்காராது.

ஹவர் மீட்டர் எண்ணைக் கையின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வையுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் அதே கடப்பாரை, அதே இடம், அதே டயல் கேஜ். மாட்டிய அன்று 0.25 இருந்தது 0.3 காட்டினால் புதுப் பொருள் ஒன்றோடொன்று பழகியிருக்கிறது, விட்டுவிடலாம். அரை மி.மீ. காட்டினால் முதலில் நிப்பிளைக் கழற்றிக் கிரீஸ் உள்ளே போகிறதா பாருங்கள்.